அல் என்னும் முன்னொட்டு

நமது பாடசாலைகளிலே படிக்கும் மாணவன் ஒருவன் ஒரே நாளில் இரண்டு ‘அல்’களைச் சந்திக்க நேர்கிறது. முதற் பாடவேளையில் தமிழாசிரியர் அஃறிணை என்னும் சொல்லைக் கரும்பலகையிலே ‘அல் + திணை’ எனப் பிரித்து எழுதி, உயர்திணை அல்லாத திணை என்று பொருள் கூறுகிறார். அடுத்த பாடவேளையிற் கணித ஆசிரியர், அட்சரகணிதத்துக்கு ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா என்று பெயர், அது அரபிலிருந்து வந்தது என்று போகிறபோக்கிலே சொல்லிவைக்கிறார். பிற்பகல் இரசாயன பாடத்திலே அல்ககோலும் அல்கலியும் வந்துவிடுகின்றன. கூர்மையுள்ள மாணவன் ஒருவன், “இந்த அல்லும் அந்த அல்லும் ஒன்றா, சேர்?” என்று கேட்கத்தான் செய்வான். என்னிடம் இக்கேள்வியைக் கேட்ட மாணவனுக்கு அன்று நான் அளித்த மறுமொழி அரைகுறையானது. “இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த ‘இல்லை’க்குப் பின்னாலே கிடக்கும் வரலாற்றைச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் இறுதியிலேயே நிற்கும். செய்யான், செய்யாத, செய்தானல்லன் என்பன யாவும் அவ்வகையின. ஆயினும் இலக்கண நூலார் ஆக்கிய கலைச்சொற்கள் சிலவற்றிலே ‘அல்’ முன்வந்து நின்று மறுக்கிறது. அஃறிணை, வேற்றுமை அல்லாத புணர்ச்சியைக் குறிக்கும் அல்வழி, தொகையிலுள்ள மொழிகள் அல்லாத வேறொரு மொழியின் பொருளை உணர்த்தும் அன்மொழித்தொகை ஆகியன எடுத்துக்காட்டுகள். அரபிலோ ‘அல்’ மறுப்பதில்லை, சுட்டுகிறது. கித்தாப் என்றால் ஏதோ ஒரு நூல். அல்கித்தாப் என்றால் நாம் அறிந்த குறித்த அந்த நூல். ஒன்று விலக்குகிறது, மற்றது விரல்நீட்டிக் காட்டுகிறது.

வேறு மொழிகளிலும் இவ்வொலி முன்னொட்டாக வருவதுண்டு. ‘சர்வ வல்லமையுள்ள’ எனப் பொருள்படும் ஆங்கிலத்து ஆல்மைட்டியின் தலையிலே நிற்பது ‘எல்லாம்’ என்ற பொருளுடைய சொல். தனிமையைக் குறிக்கும் அலோன் என்பதும் ‘முழுவதும் ஒன்று’ என்னும் தொடரின் குறுக்கமே. இலத்தீனிலே ‘நோக்கி’ என்று பொருள்தரும் ‘அத்’ என்னும் முன்னொட்டு, லகரத்தில் தொடங்கும் வினையோடு சேரும்போது அல் எனத் திரியும். ஹங்கேரிய மொழியில் அல் என்றால் கீழ். அந்நாட்டின் பெருஞ்சமவெளிக்கு அல்ஃபோல்ட், அதாவது தாழ்நிலம், என்பது பெயர். அரசப் பிரதிநிதியையும் உபதலைவரையும் அம்மொழியினர் அல் சேர்த்தே குறிப்பர். அரபின் உடன்பிறப்பான ஹீப்ருவிலே சுட்டுவது ‘ஹ’ என்னும் முன்னொட்டு. அல் என்பது அங்கே ‘செய்யாதே’ என்று விலக்கும் தனிச்சொல். உடன்பிறந்த மொழியிலே பொருள் வேறாகவும், உறவேயில்லாத தமிழிலே பொருள் நெருங்கியும் நிற்பதைக் கவனித்தல் வேண்டும்.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓசை ஒத்த சொற்களை அடுக்கி, உலக மொழிகள் அனைத்தும் எம்மொழியிலிருந்து பிறந்தன என்று நிறுவ முனைவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர், பிறரிடையேயும் இருக்கின்றனர். தமிழ் ‘எல்லாம்’ ஆங்கில ‘ஆல்’ ஆயிற்று என்று ஒருவர் மேடையிலே முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். உயிரும் லகரமும் சேர்ந்த ஈரெழுத்து ஒட்டு உலகின் எம்மொழியிலும் தற்செயலாக அமையக்கூடியது. மொழிகளின் தொடர்பைக் காட்டுவது ஓசையன்று; அச்சொல்லை யார் யாரிடமிருந்து, எந்த வேலையின்போது, எந்த நிலையில் நின்று பெற்றனர் என்னும் வரலாறே. அரபு அல்லின் பயணம் இதற்கு நல்ல சான்று.

இவ்வொட்டு மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், அரேபியர் வழிபட்ட தேவதையொன்றை அலிலாத் என்று பெயர் சுட்டியுள்ளார். அப்பெயரின் தொடக்கத்திலுள்ளது இந்த அல்லே என்பது அறிஞர் கருத்து. அரபு இலக்கணத்திலே இதற்கு ஒரு புணர்ச்சி விதி உண்டு. இருபத்தெட்டு மெய்களுள் பாதி ‘சூரிய எழுத்துகள்’, பாதி ‘சந்திர எழுத்துகள்’. சந்திர எழுத்தின் முன் அல் அல்லாகவே நிற்கும். சூரிய எழுத்தின் முன் லகரம் வருமெழுத்தாகவே திரிந்துவிடும். அல் + ஷம்ஸ் என்பது அஷ்ஷம்ஸ் ஆகும். அல் + சுக்கர் என்பது அஸ்ஸுக்கர் ஆகும். அல் + திணை அஃறிணையாவதையும் அல் + மொழி அன்மொழியாவதையும் கற்ற தமிழ் மாணவனுக்கு இதில் வியப்பொன்றும் இராது. நாவின் வசதி எல்லா மொழிகளிலும் இவ்வாறு தொழிற்படும். (செய்தித்தாள்களிலே காணும் ‘ஆல் சவூத்’ என்பதன் ஆல் நெடில், அது வேறு சொல், ‘குடும்பம்’ என்று பொருள்படும். 1932இல் ஒரு குடும்பத்தின் பெயரையே நாட்டின் பெயராக்கினர். ஆங்கில எழுத்திலே குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடுவதால் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.)

711ஆம் ஆண்டிலே அரபுத் தலைமையின்கீழ், பெரும்பாலும் பேர்பர் இனத்தவரைக் கொண்ட படையொன்று வட ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து ஸ்பானியாவில் இறங்கியது. அதன்பின் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அத்தீபகற்பத்தின் பெரிதும் சிறிதுமான பகுதிகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தன. மன்னர்களின் வரிசையைப் பாடநூல்களிற் காணலாம். நமக்கு வேண்டியது வயல். ஸ்பானிய மொழியிலே நீர்ப்பாசன வாய்க்கால் அசேக்கியா, அரபு அஸ்ஸாக்கியா. நிலத்தடித் தொட்டி அல்ஹிபே, குளம் அல்பெர்க்கா, ஆற்றின் குறுக்கே கட்டும் சிற்றணை அசூத். பருத்தி அல்கொதோன், அரிசி அர்ரோஸ், சீனி அசூகார், ஒலிவெண்ணெய் அசேய்த்தே. கட்டட வேலையாள் அல்பஞீல், மேத்திரி அலரீஃபே, குயவன் அல்ஃபரேரோ. சிற்றூர் அல்தேயா, பண்டசாலை அல்மசேன், வாடகை அல்கிலேர். இடப்பெயர்களையும் சேர்த்து இத்தகைய சொற்களை நாலாயிரம் எனக் கணக்கிடுவோர் உளர். இவற்றின் முகப்பிலே அல்லாகவோ, திரிந்த அ, அர், அஸ் ஆகவோ அவ்வொட்டு அமர்ந்திருக்கிறது. ஸ்பானியருக்கு அது ஒட்டு என்பதே தெரியாது. தமது சுட்டையும் முன்னால் வைத்து ‘எல் அல்கொதோன்’ என்பர். ‘அந்த அந்தப் பருத்தி’ என்பது போலாகும்.

இங்கேயொரு நுட்பம் உண்டு. இதே பருத்தி இத்தாலியிலே கொத்தோனே; சீனி சுக்கெரோ. அல் இல்லை. இத்தாலியர் பெரும்பாலும் துறைமுகங்களில் வணிகராக நின்று பொருளையும் பெயரையும் வாங்கினர். பெயரை ஒட்டு நீக்கிப் பெற்றனர். ஸ்பானியாவிலோ இருமொழியும் பேசிய உழவரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். பேச்சிலே அல் ஒட்டியபடி ஒலிக்கும் பெயரை அவ்வாறே ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குக் கொடுத்தனர். அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாத பேர்பர் குடியேறிகளே இவ்வொட்டுப் பிரியாது நிலைக்கக் காரணர் என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும் அது ஏட்டுவழி வந்ததன்று, வாய்வழி வந்தது என்பதில் ஐயமில்லை.

நம் தமிழையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அசல், நகல், பாக்கி, வசூல், மகசூல், வாரிசு, ரத்து என்பன அனைத்தும் அரபு மூலமுடையன. ஒன்றிலேனும் அல் இல்லை. இவை பாரசீகத்தை அரசகரும மொழியாகக் கொண்ட நவாபுகளின் கச்சேரிகள் வழியாகத் தமிழகத்துள் நுழைந்து பின்னர் பரவியவை. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலிருந்து வந்த சொல் ஒரு வடிவிலும், வாய்க்காற் கரையிலிருந்து வந்த சொல் மற்றொரு வடிவிலும் நிலைபெற்றுள்ளன. மகசூல் என்ற சொல்லை நமக்குக் கொடுத்தவன் அதை விளைவித்தவனல்லன், அளந்து வரி கொண்டவன்.

ஆட்சிச் சொற்களின் கதி வேறு. அரபிலே அல்வஸீர் என்றால் அமைச்சர். ஸ்பானியத்திலே அது அல்குவசில் ஆகி, நீதிமன்றச் சேவகன் என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. அல்காதி, நீதிபதி, அல்கால்தே ஆகி நகர முதல்வரானார். வென்றவர் பதவியை வைத்துக்கொண்டு பெருமையைக் குறைத்துக்கொண்டனர் போலும்.

கல்விச் சொற்களுக்கு வருவோம். பாக்தாதிலே கலீபா அல்மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அல்குவாரிஸ்மி என்பார் ஒரு கணித நூல் இயற்றினார். அதன் பெயரில் வரும் அல்ஜப்ர் என்பதற்கு முறிந்ததைப் பொருத்துதல், குறைந்ததை நிரப்புதல் என்று பொருள். சமன்பாட்டின் ஒரு புறத்திலே கழிபட்டு நிற்பதை மறுபுறம் சேர்த்து நிரப்பும் செயலையே அவர் அவ்வாறு அழைத்தார். ஸ்பானியத்திலே அல்ஹெப்ரிஸ்தா என்ற சொல் நெடுங்காலம் எலும்பு முறிவு வைத்தியரைக் குறித்தமை இதனை விளக்கும். தம் நூல் எதற்குப் பயன்படும் என்று அவர் முன்னுரையிலே கூறுவது மனங்கொளத்தக்கது. சொத்துப் பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றையே அவர் சுட்டினார். 1145இல் செஸ்டர் ஊரைச் சேர்ந்த ரொபேர்ட் என்பவர் இந்நூலை ஸ்பானியாவிலே இலத்தீனாக்கினார். தொலேடோ நகரிலே கிரெமோனா ஊர் ஜெராட் எண்பதுக்கு அண்மித்த நூல்களை மொழிபெயர்த்தார் என்று வரலாறு புகழும். அவருக்கு உதவிய காலிப் என்னும் அரபு வல்லுநர் ஒருவரின் பெயரோ, ஆங்கிலேய மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பினாலேதான் தப்பியது. அல்குவாரிஸ்மி என்றால் குவாரிஸ்ம் நாட்டவர். இலத்தீனில் அது அல்கொரித்மி ஆகி, இன்று அல்கோரிதம் என்று வழங்குகிறது. மோட்டார் சைக்கிளில் உணவு காவிச் செல்லும் இளைஞனுக்கு இன்றைய வேலை உண்டா, கூலி எவ்வளவு என்று தீர்மானிக்கும் அப்பொறிக் கணக்கின் தலையிலே நிற்பதும் அதே அல்.

இரசாயனத்தின் கதை இன்னும் விந்தையானது. அரபு அல்கீமியா என்பதன் மூலம் கிரேக்கம். அல் மட்டுமே அரபு. ஐரோப்பாவுக்கு அது அல்கெமியா எனச் சென்றது. பதினாறாம் நூற்றாண்டிலே கிரேக்கத் தூய்மையை விரும்பிய புலமையாளர், குறிப்பாகச் சுரங்கவியல் எழுதிய அக்ரிக்கோலா, அரபு ஒட்டை வெட்டியெறிந்து கீமியா என்றே எழுதலாயினர். முதலில் இரண்டும் ஒரே துறையையே குறித்தன. பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டை அண்டி, அல் இல்லாத சொல் விஞ்ஞானத்துக்கும், அல் உள்ள சொல் பொன்செய்யும் ஏமாற்றுக்கும் உரியதாயிற்று. வாலைவடித்தலையும் உலைவேலையையும் இரு சாராரும் ஒன்றாகவே செய்திருக்க, அரபின் சாயல் மட்டும் மூடநம்பிக்கையின் பக்கலிலே தங்கிவிட்டது. ஐரோப்பிய விஞ்ஞானம் கிரேக்கத்திலிருந்து நேரே பிறந்தது என்று கற்பிக்கும் பாடநூல்களுக்கு இந்த வெட்டு மிகவும் வசதியாயிற்று.

சொல்லிலே நடந்த இந்த நீக்கம் மனிதர்மீதும் நடந்தது. 1492இல் கிரனாடா வீழ்ந்தபோது சமயத்தையும் வழக்கங்களையும் காப்பதாக உடன்படிக்கை செய்யப்பட்டது. எட்டாண்டுகள் கழியுமுன் கட்டாய மதமாற்றம் தொடங்கிற்று. பேராயர் சிஸ்னெரோஸ் அரபு நூல்களைப் பொதுவெளியிலே எரிப்பித்தார். மருத்துவ நூல்களை மட்டும் விட்டுவைத்தார் என்பர். 1567இல் அரசன் இரண்டாம் பிலிப்பின் ஆணை வந்தது. மூன்றாண்டுக்குள் ஸ்பானியம் கற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின் அரபிலே பேசுவதும் படிப்பதும் எழுதுவதும் வீட்டிற்குள்ளும் குற்றம். மதம் மாறிய முதியவரான நூன்யெஸ் முலேய் என்பார், கிழக்கு நாடுகளிலும் மால்ட்டாவிலும் கிறித்தவர்கள் அரபு பேசுகிறார்களே, மொழிக்கும் மதத்துக்கும் என்ன தொடர்பு என்று விண்ணப்பித்தார்; பயனில்லை. மொழிச் சட்டமொன்றின் வலியை 1956 முதலாக அறிந்த நம் வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மறு ஆண்டே மலைப்பகுதியிற் கிளர்ச்சி மூண்டது, அடக்கப்பட்டது. 1609 தொடக்கம் 1614 வரை ஏறத்தாழ 3,00,000 மொரிஸ்கோக்கள், அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தோர், கப்பலேற்றப்பட்டனர். வலென்சியா தன் மக்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழந்தது. அங்குள்ள நிலப்பிரபுக்கள் இதற்கு முணுமுணுத்தது இரக்கத்தினாலன்று. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

இந்த வெளியேற்றம் முடிந்த மறு ஆண்டு, 1615இல், செர்வாண்டெஸின் டொன் கீஹோத்தே நாவலின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதன் அறுபத்தேழாம் அத்தியாயத்திலே கதைநாயகன் தன் ஏவலாளன் சாஞ்சோவுக்கு ஒரு மொழியியற் பாடமே நடத்துகிறான். நம் மொழியிலே அல் என்று தொடங்கும் சொற்கள் யாவும் மூர்களுடையவை என்று கூறி ஒரு பட்டியலும் தருகிறான். பட்டியலிலே ஒரு தவறு உண்டு. உணவருந்துவதைக் குறிக்கும் அல்மொர்சார் என்பதையும் அவன் சேர்த்துவிட்டான். அது கடித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் முன்னுள்ள இலத்தீன் ‘அத்’, சுற்றியிருந்த அரபுச் சொற்களின் சாயலேறி அல்லாயிற்றுப் போலும். இரு வேறு முன்னொட்டுகள் ஒரே முகம் பெற்று, ஊரே ஒன்றென்று நம்பும் நிலை வந்ததற்கு இதனைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இது ஆசிரியரின் தவறா, அவர் வேண்டுமென்றே பாத்திரத்தின் வாயில் வைத்த தவறா என்று விவாதிக்கலாம். செர்வாண்டெஸ் அந்நாவலை ஓர் அரபு வரலாற்றாசிரியர் எழுதியதாகவும், தொலேடோவிலே ஒரு மொரிஸ்கோ மொழிபெயர்த்துத் தந்ததாகவும் கற்பித்தவர். வெளியேற்றப்பட்டு வேடமிட்டு ஊர் திரும்பும் ரிக்கோத்தே என்ற கடைக்காரனையும் அதே இரண்டாம் பாகத்திற் படைத்தவர். சொல்லும் ஆளும் அவர் மனத்திலே பிரிந்திருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

போர்த்துக்கலும் இதே வழியிலேயே சென்றது. 1496இல் அரசன் மனுவேல் யூதரையும் முஸ்லிம்களையும் நாட்டைவிட்டு நீங்குமாறு ஆணையிட்டான். அவனுடைய ஆட்சிக் காலத்திலேதான், 1505இல், போர்த்துக்கேயக் கப்பல்கள் இலங்கையை அடைந்தன. தலைமை தாங்கியவன் லொரென்சோ த அல்மெய்தா. அக்குடிப்பெயரோ அல்மாயிதா, அதாவது மேசை அல்லது மேட்டுச் சமநிலம், என்னும் அரபுச் சொல்லென்பர். முஸ்லிம்களைத் துரத்திய அரசின் தளபதி, தன் பெயரின் முகப்பிலேயே அரபு ஒட்டைச் சுமந்து வந்திறங்கினான். இங்கே கண்ட முஸ்லிம் வணிகருக்கு, தம் நாட்டிலே வழங்கிய மூர் என்ற பெயரையே சூட்டினான். மொரொக்கோவுக்கும் பேருவளைக்கும் இடையிலுள்ள தூரம் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களிலும் ஓசையை நம்பினால் ஏமாறுவோம். நம் வீட்டு அலுமாரி இலத்தீன் வழி வந்தது. நிலம் தோண்டும் அலவாங்கும் அரபன்று. ஆனால் குண்டூசிக்குச் சிங்களத்திலே வழங்கும் அல்பெனெத்தி என்பது போர்த்துக்கேய அல்ஃபினேத்தே. அதன் மூலம் அரபு அல்கிலால். மூன்றும் ஒரே கப்பலில் வந்தன. ஒன்றிலே மட்டும் அரபு அல் இருக்கிறது.

1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டியரசன் செனரத் அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கிழக்குக் கரையிலே இடமளித்தான். அது அந்நியர் செய்த கொடுமை என்று எழுதி முடித்துவிட நம்மால் இயலவில்லை. 1990 ஒக்ரோபரிலே வடமாகாணத்திலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்திலே கொடுத்த அவகாசம் சில மணி நேரமே. வெளியேற்றப்பட்டவரின் தாய்மொழியும் தமிழ், வெளியேற்றியவரின் தாய்மொழியும் தமிழ். நம்மிற் பெரும்பாலோர் அன்று வாய்திறக்கவில்லை.

அவர்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலே ஓலைக் கொட்டில்களில் தங்கினர். பிள்ளைகளுக்குப் படிப்பு நின்றுவிடவில்லை. ஒரு நேரம் மதரசாவிலே அரபெழுத்துக் கூட்டிப் படித்து, சூரிய எழுத்தின் முன் அல் எவ்வாறு திரியும் என்று கற்றனர். இன்னொரு நேரம் பாடசாலையிலே தமிழிலக்கணம் படித்து, அல் + திணை எவ்வாறு அஃறிணையாகும் என்று எழுதினர்.